எங்கள் வீட்டு ஜெர்மன் கவர்மெண்ட் வேலை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கவர்மெண்ட் வேலை கிடைத்தது என் கணவருக்குத்தான். என்ன, கவர்மெண்ட் மட்டும் ஜெர்மனியுடையது. அந்தச் சின்ன வித்தியாசத்தை அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயிலிலும் பாசார்க் கடைகளிலும் கண்டவர்களிடமெல்லாம், "தம்பி இப்ப கெராஜான் வேலையில இருக்கான்" என்று மட்டும் சொல்வார். கெராஜான் என்றால் மலாயில் அரசாங்கம். எந்த ஊர் கெராஜான் என்று கேட்டால்தானே விளக்க வேண்டும்? ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கு முன் அவர் இங்கே மலேசியாவில், பாசிர் கூடாங்கில் பெக்டரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜொகூரில் ஓர் ஏஜென்ட் மூலமாக ஜெர்மன் வகுப்புக்குப் போய், தேர்வெழுதி, அங்கே ஒரு மாநில அரசுக்குச் சொந்தமான கம்பெனியில் பஸ் ஓட்டுநராகச் சேர்ந்தார். ரயிலும் அவர்களுடையதே, பஸ்ஸும் அவர்களுடையதே. கிராமம் கிராமமாகப் போய் ஆட்களை ஏற்றிவந்து ஸ்டேஷனில் விடுவது பஸ்ஸின் வேலை. அங்கிருந்து நகரத்துக்குக் கொண்டுபோவது ரயிலின் வேலை. மனிதர்களைவிட மாடுகள் அதிகம் உள்ள வட்டாரம் என்று அவர் சொன்னார். மாடுகள் பஸ் ஏறுவதில்லை. அதனால்தான் அங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். தேறினால் நானும் எங்கள் மகளும் அவரிடம் போகலாம். தேறாவிட்டால் அவர் திரும்பி வர வேண்டும். திரும்பி வந்து எதை ஓட்டுவது என்பது வேறு கேள்வி. அவருடைய பெக்டரி பஸ்ஸை, அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் கைப்பேசி அளவு உயரமுள்ள, அவ்வப்போது உறைந்துபோகிற ஒரு மனிதர். சாப்பாட்டு நேரத்தில் அவருக்கும் ஒரு வாய் ஊட்டுவாள். திரையைத் துடைப்பது என் பொறுப்பு.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பட்டம் பெற்றவள். படிப்பின் பயன் என்னவென்றால், கவலைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மாற்றுத் திட்டம் வைத்துக்கொண்டு கவலைப்படத் தெரியும். அவர் சேர்ந்த வாரமே அந்தக் கம்பெனியின் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன். அதில் பஸ்கள் எல்லாம் வரைபடத்தில் சின்னப் புள்ளிகளாக நகரும். தாமதமானால் புள்ளியின் பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று சிவப்பில் வரும். அங்கே விடியற்காலைப் பனியில் அவர் பஸ் எடுக்கும்போது, இங்கே நான் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கணினித் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, அவருடைய பஸ்ஸின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வழித்தடத்தை என்னைவிட நன்றாக அறிந்த பயணி ஜெர்மனியில்கூட இருந்திருக்க மாட்டார். பயணச்சீட்டு மட்டும் நான் வாங்கியதில்லை.

சோதனைக் காலம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு நாள் அந்தப் புள்ளி ஒரு கிராமத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். ஒரு நிமிடம் என்று சிவப்பில் காட்டியது. பிறகு இரண்டு. பிறகு மூன்று.

ஜொகூரில் மூன்று நிமிடம் என்பது தாமதமே இல்லை. இங்கே பஸ் மூன்றே நிமிடத் தாமதத்தில் வந்தால், அது முன்பே வந்திருக்க வேண்டிய பஸ் என்று அர்த்தம். ஆனால் அங்கே? பனியில் வழுக்கிவிட்டதா? மாரடைப்பா? காலையில் சாப்பிடாமல் போனாரா? நேற்றுப் பேசும்போது கோபமாக வைத்துவிட்டேனோ? ஓட்டுகிறவரைக் கூப்பிட முடியாது. அண்ணியைக் கூப்பிட்டேன். பகலில் மகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"அண்ணி, பஸ் நிக்குது."

"நிக்கிறதுக்குத்தானே லா பஸ்ஸு. நிக்காம போனாத்தான் பயப்படணும்."

"இல்லண்ணி, ரொம்ப நேரமா நிக்குது."

"டாய்லட்டுக்குப் போயிருப்பான். குளிர் ஊருல்ல. புள்ள தூங்குது, சத்தம் போடாத."

வைத்துவிட்டார். நான்கு நிமிடத்தில் புள்ளி நகர்ந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், ஸ்டேஷனில் ரயிலின் பக்கத்திலும் சிவப்பு வந்திருந்தது. தங்கள் கம்பெனி பஸ் வரவில்லையே என்று அந்த ரயில் காத்திருந்திருக்கிறது. அந்தத் தாமதம் அடுத்த ஸ்டேஷனுக்குப் போனது, அதற்கடுத்ததற்கும் போனது. அம்மை பரவுவதைப்போல ஒரு மாநிலம் கண்ணெதிரே சிவந்துகொண்டிருந்தது. அதைத் தொடங்கிவைத்தவர் என் வீட்டுக்காரர்.

மாலைத் தேநீர் நேரத்தில் கூப்பிட்டார். இடைவேளையாம்.

"என்னாச்சுங்க?"

"ஒன்னுமில்ல. ஒரு அம்மா வரல. அதான் நின்னேன்."

"எந்த அம்மா?"

"தினமும் அந்த ஸ்டாப்புல ஏறுவாங்க. தனியா இருக்காங்க, வயசானவங்க. இன்னைக்கு ஸ்டாப்புல ஆளக் காணோம். வீடு எதிர்லதான். அதான்..."

"அதான்?"

"ஹாரன் அடிச்சேன்."

பாசிர் கூடாங்கில் பெக்டரி பஸ் ஓட்டிய எவரும் செய்யக்கூடியதுதான். தாமான் குடியிருப்பு முனையில் நிறுத்தி இரண்டு தடவை அடிப்பார்கள். ஆள் வராவிட்டால் மூன்றாவது தடவை நீட்டி அடிப்பார்கள். ஈரத்தலையும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமுமாகப் பெண்கள் ஓடிவருவார்கள். ஷிப்டுக்கு ஆள் குறைந்தால் தொழிற்சாலை ஏசுவது ஓட்டுநரைத்தான். ஆனால் அந்தக் கிராமத்தில், இருட்டுகூட விலகாத காலையில், பஸ் ஹாரன் என்பதை அநேகமாகப் போருக்குப் பிறகு யாரும் கேட்டிருக்கவில்லை. தெருவெங்கும் திரைச்சீலைகள் விலகினவாம். ஒருவர் பூட்ஸுடன் வாசலுக்கே வந்துவிட்டாராம்.

"அந்தம்மா?"

"வந்தாங்க. ஏறினாங்க."

"ஒடம்பு சரியில்லயா?"

"அவங்க இன்னைக்கு எங்கயும் போறதா இல்லையாம். யாரு ஹாரன் அடிக்கிறதுன்னு பாக்க வந்திருக்காங்க. பஸ் கதவத் தெறந்து வெச்சுக்கிட்டு நிக்குதே, ஏறலன்னா மரியாதையா இருக்காதுன்னு நைட்டிக்கு மேல கோட்டப் போட்டுக்கிட்டு ஏறிட்டாங்க. ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அதே பஸ்ல வீட்டுக்குத் திரும்பிட்டாங்க."

ஆக, எங்கும் போக விரும்பாத ஒரு பெண்மணியை எங்கோ கொண்டுபோவதற்காக, எங்கோ போக வேண்டியிருந்த ஒரு ரயில் நிறைய மனிதர்களைத் தாமதப்படுத்தியிருந்தார் என் கணவர். நகரத்தில் அவர்கள் பிடிக்க வேண்டிய பெரிய ரயில் வேறு கம்பெனியுடையது. அது யாருக்காகவும் நிற்கவில்லை. தெருவிலிருந்து ஒருவர் புகார் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வரை நான் என் படிப்பை முழுமையாகப் பயன்படுத்தினேன். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஜெர்மனில் வாக்கியங்கள் தேடி அனுப்பினேன். பிறகு, அதிகமாக மன்னிப்புக் கேட்டால் தப்பு பெரிதாகத் தெரியுமோ என்று பாதியை அழிக்கச் சொன்னேன். பிறகு, அழித்தது சரிதானா என்று கேட்டு அனுப்பினேன். செனாயில் எங்கள் தொழிற்சாலைக்கு ஓட்டுநர் தேவைப்படுமா என்றும் விசாரித்தேன். அண்ணியிடம் சொன்னதற்கு, "ஹாரன் அடிச்சதுக்கா வேலைய எடுப்பாங்க? அலமாக்! இங்க அடிக்காம போனாத்தான் நாங்க ஏசுவோம்" என்றார். அவரும் ஒரு காலத்தில் தம்பியின் பஸ்ஸில் பெக்டரிக்குப் போனவர்தான். மூன்றாவது ஹாரனுக்கு இறங்கிவரும் வகை.

வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டபோது நான் வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி கைப்பேசியைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுடா. என்ன சொன்னாங்க?"

மேலாளர் ஒரு பெண்மணியாம். ஹாரன் ஆபத்துக்கு மட்டுந்தான் என்று சட்டப்படி விளக்கினாராம். இவர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில், தினமும் வருகிற ஒருத்தர், தனியாக இருக்கிறவர், ஒரு நாள் வரவில்லையென்றால் அதுதான் ஆபத்து என்று நினைத்தேன் என்றாராம். நான் எழுதிக்கொடுத்த வாக்கியங்களில் அது இல்லை. மேலாளர் அதையும் குறித்துக்கொண்டாராம். பிறகு, அடுத்த தடவை அப்படித் தோன்றினால் கண்ட்ரோல் அறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் ஆளனுப்பிப் பார்ப்பார்கள், நீங்கள் வண்டியை எடுங்கள் என்றாராம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்னை வேற லைனுக்கு மாத்திட்டாங்க. சின்ன பஸ்ஸு. ஒதுக்குப்புற ஊருங்களுக்கு. அதுக்கு ஆளுங்க முன்கூட்டியே போன் பண்ணணும். யாரும் கூப்பிடலன்னா பஸ்ஸே போகாது."

எவ்வளவு ஒழுங்கான நாடு. பயணியைக் கூப்பிடுகிற ஓட்டுநரை, பயணி கூப்பிடுகிற பஸ்ஸில் போட்டுவிட்டார்கள்.

"வேல இருக்கா இல்லயா, அதச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இருக்கு. தேறியாச்சுன்னு சொல்லிட்டாங்க." பிறகு மெதுவாக, "வீடு பாக்கவா?"

தோற்றால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நான்கு திட்டங்கள் இருந்தன. தேறினால் என்ன செய்வது என்பதற்கு ஒன்றுமில்லை. கையில் சோற்று உருண்டையோடு அப்படியே நின்றேன். குளிர் தாங்குவாளா? அங்கே பாலர் பள்ளியில் இவள் பேசுவது யாருக்குப் புரியும்? நான் அங்கே என்ன வேலை பார்ப்பேன்? ஆறு மாதமாகக் கெராஜான், கெராஜான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அண்ணிக்கு, அந்த வேலை நிலைத்தால் குழந்தை வீட்டைவிட்டுப் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. மகளின் வாயோரத்துப் பருக்கையை விரலால் எடுத்தார். எடுத்ததை எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்திருந்தார். கிண்டலாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மகள் மட்டும் திரையிலிருந்த அப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டினாள்.

"பாருங்க" என்றேன். "வர்றோம்."

சொன்ன மறு நொடியே, ஒரு வருடம் கழித்து என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் அண்ணி கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினார்.

"தம்பி, ரெண்டு ரூம் வீடாப் பாரு. ஒரு ரூம் வீட்டப் புடிச்சிராத. நான் வந்தா எங்க படுக்கிறது?"

"நீ எப்பக்கா வர்ற?"

"ஏன், வரக்கூடாதா? கெராஜான் வீட்டுல எனக்கு எடமில்லயா?"

அவருக்குப் பஸ் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு கிராமத்திலிருந்து முறைப்படி போன் செய்திருந்தாராம். "டைம் ஆச்சுக்கா" என்று வைத்துவிட்டார். திரை இருண்ட பிறகும் அண்ணி சமையலறை ஜன்னல் பெரிதாக இருக்க வேண்டும், பொரித்தால் புகை போக வேண்டும் என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் குறுக்கே பேசவில்லை. மகளின் வாயைத் துடைத்தேன், பிறகு திரையை.