புதுக்கிளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் தினமும் இலையில் கட்டிய புதுக்கிளி வைப்பார்கள். பழையதைப் பிரசாதமாகக் கொடுத்துவிடுவார்கள். கிருஷ்ணன்கோவில் ரோட்டில் என் தம்பியை மோதிக் கொன்ற லாரியின் முன்கண்ணாடியில் அப்படியொரு கிளி தொங்கியது. ஓட்டியவன் முதலாளியின் மகன். ஸ்டேஷனில் பழியை ஏற்றவன் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர். இன்றைக்கு ராஜபாளையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த முதலாளியின் லாரிதான். கோவிலில் மாலை மரியாதை வேறு.

“ஏட்டி, கிளி பாத்துச்சுல்லா? தாயார்ட்ட சொல்லாம இருக்குமா?” என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எப்படிச் சொல்லும்? பார்த்த கிளி ஆண்டாள் கைக்குத் திரும்பவே இல்லையே. அதனால் ஒவ்வொரு வெள்ளியும் சன்னதியில் நின்று, ஒன்றும் அறியாத புதுக்கிளியிடம் முதலிலிருந்து நானே சொல்கிறேன்.