லத்தீனில் யாருக்குப் பசிக்கிறது?

கடல் கடந்து வந்து மில்லிக்கன் பக்கம் குடியேறிய தமிழருக்கு நாகேஸ்வரி ரீச்சர் என்றால் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் பயம். மட்டக்களப்பிலிருந்து வந்து, இங்கே படித்து, கடைசியில் உயர்பள்ளியொன்றில் லத்தீன் படிப்பிக்கிறவர். "செத்த பாசைக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று கலியாண வீடுகளில் கேட்பார்கள்.

"பிணத்த அறுத்துப் பாக்கிற டொக்டருக்கும் குடுக்கிறாங்கள்தானே? எதால செத்தது எண்டு தெரிஞ்சாத்தான் மிச்சப் பேரைக் காப்பாத்தலாம்" என்பார். வாயால் அவரை வென்றவர் கிடையாது.

அந்த வாய்க்காரியின் வீட்டிலேயே ஒரு வாய் மூடிக்கிடந்தது. மகள் யதுஷாவுக்குப் பத்து வயது. போன வருடத் தமிழ்ப் பேச்சுப் போட்டியில், யாரோ எழுதிக் கொடுத்த பேச்சு பாதியில் மறந்துபோக, பிள்ளை இங்கிலிஷையும் கலந்து தனக்கு வந்த தமிழில் ஒப்பேற்றப் பார்த்தாள். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். இங்கிலிஷில் ஓயாமல் அலம்புவாள், தமிழில் ஒரு 'ஓம்' கூட இல்லை. தாய் கெஞ்சியும் பார்த்தார், ஏசியும் பார்த்தார். ஒரு மொழி வீட்டை விட்டுப் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை என்று படித்தவர் அல்லவா? பயந்துதான் போனார்.

இந்த வருடம் போட்டிக்குழுத் தலைவர் சண்முகலிங்கம் அவரைச் சிறப்புரைக்குக் கூப்பிட்டார். "லத்தீன் எப்பிடிச் செத்தது எண்டு சொல்லுங்கோ ரீச்சர். பயத்திலயாவது பிள்ளையள் தமிழைச் சுத்தமாக் கதைக்கட்டும்." நேரம் முடிந்தால் மணி அடிப்பாராம்.

நாகேஸ்வரி மேடையேறினார். யதுஷா கடைசி வரிசையில் போனுக்குள் தலையைப் புதைத்திருந்தாள்.

"லத்தீனைப் பிழையாக் கதைச்சுத்தான் சாக்காட்டினவை எண்டு நினைக்கிறியள். இல்லை! பிழையாக் கதைச்ச சனத்தின்ர வாயிலதான் அது இண்டைக்கும் உயிரோட கிடக்குது. அந்தக் காலத்து வாத்தியார் ஒருத்தர், இப்பிடிச் சொல்லாத, அப்பிடிச் சொல்லு எண்டு பெரிய அட்டவணையே எழுதினவர். காது எண்டதுக்குச் சனம் சொன்ன சொல்லை அவர் பிழையெண்டு தள்ளினவர்; அந்தச் சொல்லுத்தான் வளந்து இண்டைக்கு இத்தாலியன் பாசையில காது. இத்தாலியன் ஆக்கள் இருக்கிற சென் கிளேயர் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கோ."

முன்வரிசை நெளிந்தது.

"சரியாக் கதைச்சவை என்ன செய்தவை? பூசைக்கும் புத்தகத்துக்கும் எண்டு பொத்திப் பொத்தி வைச்சவை. கடைசியில பிரசங்கம் சனத்துக்கு விளங்கேல்ல. ஊர்ப்பேச்சில வையுங்கோ எண்டு குருமார்ர சபையே சொல்லவேண்டி வந்தது. லத்தீனைக் கும்பிட ஆக்கள் இருந்தவை, அதில சண்டை பிடிக்கத்தான் ஆக்கள் இல்லை. லத்தீனில கடைசியா எந்தப் பிள்ளை தாயிட்டப் பசிக்குது எண்டு சொன்னது? ஒருத்தருக்கும் தெரியாது. அண்டைக்கு ஒருத்தரும் அழவுமில்லை."

மணி அடித்தது.

"நீங்களும் உந்த வேலையைத்தான் செய்யிறியள். விளங்காத பேச்சை இங்கிலிஷ் எழுத்தில எழுதிப் பாடமாக்க வைச்சுக் கப் குடுக்கிறியள். சொந்தமாக் கதைச்ச பிள்ளையைப் பாத்துச் சிரிக்கிறியள்!"

மணி மறுபடியும் அடித்தது, இம்முறை கோபமாக. "நேரம் முடிஞ்சுது ரீச்சர். இறங்குங்கோ."

"இறங்க மாட்டன் அண்ணை. இனிப் பிழைக்குப் புள்ளி வெட்ட மாட்டம் எண்டு சொல்லுங்கோ, இறங்கிறன்."

சண்முகலிங்கம் கையைக் காட்டினார். மைக்கை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். மைக் இல்லாமலே மண்டபத்தை அதிரவைக்கும் தொண்டைதான் நாகேஸ்வரிக்கு. ஆனால் கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். அடுத்துப் பேச வேண்டிய பிள்ளைகள் படிக்கட்டில் காத்திருந்தார்கள். சனம் குசுகுசுத்தது. அவர் அசைகிற பாடாக இல்லை.

அப்போது கடைசி வரிசையில் யதுஷா எழும்பினாள்.

"அம்மா, பசிக்குது! ஹவ் லோங் இன்னும் நிப்பீங்கள்?"

யாரோ சிரிக்கத் தொடங்கினார். நாகேஸ்வரி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இந்தா வந்திட்டன் மகள்" என்றார். அதற்குமேல் அவருக்கு மேடையில் வேலை இல்லை. இறங்கி வரும்போது சண்முகலிங்கத்தின் மேசையடியில் நின்றார்.

"அண்ணை, உதுக்கு எத்தினை புள்ளி வெட்டுவியள்?"

சண்முகலிங்கம் மணியிலிருந்து கையை எடுத்தார்.