மூச்சை இழுத்தால் மடங்கும் கை

என் வீட்டுக்காரர் வலது கையை மடக்க வேண்டும் என்றால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். மூச்சை விட்டால் கை இறங்கிவிடும். இதைச் சொன்னால் புதிதாகக் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். முதல் தடவை டாக்டர் சொன்னபோது நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் புரோட்டா மாஸ்டர். மேலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில், கல்யாணத்துக்கு முந்தியிருந்தே வேலை. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் பரீட்சைப் பயத்தில்தான். அவருக்கு என்னென்ன ஆகக்கூடும் என்று கல்யாணமான நாளிலிருந்து நினைத்து வைத்திருந்தேன். எண்ணெய் தெறிக்கும், சிலிண்டர் வெடிக்கும், கொத்துப் புரோட்டா போடுகிற தகடு விரலில் இறங்கும். அவர் புறங்கையில் ஒரு கொப்புளத்தைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பைக்கில் போகும்போது ஹெல்மெட் போடச் சொல்லி நான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். தோள்பட்டையை நினைத்து மட்டும் ஒரு நாளும் பயந்ததில்லை.

அது உளுந்து அறுப்பு நேரம். வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். மதியம் கடைக்குப் போகிற வழியில் அதில் அவர் வண்டி வழுக்கிவிட்டது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. ஆனால் தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக இழுபட்டு விழுந்திருக்கிறார். ரத்தம் இல்லை. எலும்பு எதுவும் முறியவில்லை. எழுந்து வண்டியை நிமிர்த்தப் போனபோதுதான் வலது கை தன்னோடு எழும்பி வரவில்லை என்று தெரிந்ததாம்.

"மரத்துப் போயிருக்கு புள்ள. செத்த நேரத்துல சரியாயிரும்" என்றார், வீட்டுக்கு வந்து.

சுளுக்கு என்று ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். இன்னொருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். முறியாத எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தோம். கை தொங்கியது. ஆனால் அந்தக் கைதான் அவரை வலியால் கொன்றது. ஊசியால் குத்தினால் தெரியாத விரல்களைக் காட்டி, "புரோட்டாக் கல்லு மேல வச்ச மாதிரி எரியுது" என்பார். நான் எடுத்துப் பார்ப்பேன், தொட்டால் சில்லென்று இருக்கும். எரிகிறது என்று அழாத குறையாகச் சொல்கிற மனிதரின் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் படம் எதுவும் எடுத்துக் காட்டவில்லை. தன் கழுத்தையே விரலால் தொட்டுக் காட்டினார்.

"மூளை சொல்றது முதுகுத்தண்டு வழியாத்தான் இறங்கும்மா. கைக்குப் போறதுக்கு இந்தா, கழுத்துல அஞ்சு வேர் பிரியுது. காறை எலும்புக்குக் கீழ அஞ்சும் வலை மாதிரி பின்னிக்கிட்டு, மறுபடி பிரிஞ்சு கைக்குள்ள போகும். இவருக்கு அந்த வேரெல்லாம் தண்டுல இருந்தே பிடுங்கிக்கிருச்சு."

நான் அவர் புறங்கையில் பச்சையாக ஓடுகிற கோட்டைக் காட்டி, "நரம்பு நல்லாத்தானே இருக்கு சார்" என்றேன். குளுக்கோஸ் ஏற்ற வருகிறவர்கள் எல்லாம் அதைத்தானே நரம்பு என்று தட்டித் தட்டித் தேடுகிறார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அது ரத்தக் குழாய்ம்மா. நான் சொல்ற நரம்பு உள்ள இருக்கு. வெள்ளையா, கயிறாட்டம். வெளிய தெரியாது."

"தைக்க முடியாதா சார்?"

"நடுவுல அறுந்திருந்தா தைக்கலாம். இது வேரோட வந்துருச்சு. புயல்ல சாஞ்ச மரமாட்டம். திரும்ப ஊன முடியாது."

பிறகுதான் அதைச் சொன்னார். விலா எலும்புகளுக்கு நடுவில் மூச்சுக்கு உதவுகிற தசைகள் இருக்கின்றனவாம். அவற்றுக்குப் போகிற நரம்புகள் நிறைய உண்டாம். அதில் மூன்றை எடுத்து, புஜத்தில் முழங்கையை மடக்குகிற தசைக்குத் திருப்பி விடலாமாம். அப்புறம் மூச்சை இழுத்தால் கை மடங்குமாம். நரம்பு மெதுவாக வளர்ந்து அந்தத் தசையைப் போய்ச் சேர வேண்டும். மாதத்துக்கு ஒரு இன்ச் வளர்ந்தால் அதிகம். அதுவரை தசை காத்திருக்காது. உத்தரவு வராத தசை சூம்பிக்கொண்டே போகும், ஒன்றரை வருஷம் தாண்டினால் நரம்பு வந்தும் பிரயோஜனம் இல்லை.

"வெரலு?" என்றேன்.

"அம்புட்டுத் தூரம் போறதுக்குள்ள அங்க தசை செத்துரும்மா. முழங்கை மடங்குனாலே பெருசு. வெரல எதிர்பார்க்காதீங்க."

இதை நானும் கேட்டேன், அவரும் கேட்டார். ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது, "கை மடங்குனாப் போதும் புள்ள. மாவு தன்னால வரும். கடைக்குப் போயிருவேன்" என்றார். நான் திருத்தவில்லை. எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. மூச்சு நரம்பை எடுத்துவிட்டார்களே, மூச்சு நின்றுவிட்டால்? அவர் கண்ணை மூடினால் போதும், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"மூச்சு வருதான்னு பாக்குறியா, போயிருச்சான்னு பாக்குறியா?"

கட்டு அவிழ்த்த பிறகு பிசியோதெரபிக்காகப் பஸ் ஏறிப் போய் வந்தோம். அந்த அறைச் சுவரில் தோல் உரித்த மனிதன் ஒருவன் படத்தில் நிற்பான். உடம்பெல்லாம் சிவப்பு நார். நான் அவனுக்கு முதுகைக் காட்டியே உட்காருவேன். அங்கே பயிற்சி கொடுத்த பெண் சின்ன வயசு. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே செய்யும்.

"தசைக்கு இழுக்க மட்டுந்தான்க்கா தெரியும், தள்ளத் தெரியாது. மடக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு இழுக்கும். நீட்டுறதுக்குப் பின்னாடி ஒண்ணு இழுக்கும்."

"எங்க மாமியார் வீட்டு ஆளுக மாதிரின்னு சொல்லு தாயி" என்றார் இவர். அந்தப் பெண் சிரித்ததில் கையை விட்டுவிட்டது. அது பொத்தென்று மடியில் விழுந்தது.

ஏன் எரிகிறது என்றும் அந்தப் பெண்தான் சொன்னது. "கையில இருந்து மூளைக்குச் சேதி வரலண்ணே. வரலைன்னா மூளை சும்மா இருக்காது, தேடும். அந்தத் தேட்டந்தான் எரிச்சலாத் தெரியுது." மூளையும் என்னைப் போலத்தான் போல. போன் எடுக்கவில்லை என்றால் ஆயிரம் நினைக்கும்.

புஜத்தை விரலால் தட்டினால் அவருக்கு விலாவில் சுருக்கென்று தெரியும். தட்டுகிற இடம் மாதா மாதம் கீழே இறங்கியது. நரம்பு அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தமாம். இன்னொரு பக்கம் புஜம் மெலிந்துகொண்டே போனது. மாவு பிசைந்து பிசைந்து உருண்டு கிடந்த சதை, துவைத்துப் போட்ட துணி மாதிரி எலும்பில் ஒட்டியது. எது முந்தும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு வேலை. "மூச்ச இழுத்துக்கிட்டே கைய மடக்கணும்னு நெனைங்கண்ணே" என்று சொல்லியிருந்தார்கள். அவர் இழுப்பார். நான் உள்ளங்கையைப் புஜத்தில் வைத்திருப்பேன். ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் சாப்பிடும்போது அவருக்குப் புரையேறியது. தலையில் தட்டப் போனவள் இன்னொரு கையால் புஜத்தைப் பிடித்திருந்தேன். உள்ளே பல்லி வால் துடிக்கிற மாதிரி ஒன்று துடித்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். மறுநாள் மறுபடி வந்த பிறகு சொன்னேன்.

"எனக்கு நேத்தே தெரியும்" என்றார்.

அதன் பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மூச்சை இழுத்தால் இடுப்பு வரை. பிறகு நெஞ்சுக்குக் கீழே வரை. விரல்கள் மட்டும் வாழைத்தண்டு நார் மாதிரி தொங்கின. பிசியோ அறையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு காலையில் முகச்சவரம் செய்து, வேலைக்குக் கட்டுகிற கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கடையில் மாவை உருண்டை பிடிக்கிற நேரம். கல் இன்னும் சூடேறவில்லை.

"வாங்க மாஸ்டர். நீங்க இல்லாம இந்த மாவு எவன் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது" என்றான் இவரோடு வேலை பார்த்தவன்.

இவர் எல்லோருக்கும் நடுவில் நின்று மூச்சை இழுத்தார். கை மேலே வந்தது. கைதட்டினார்கள்.

"எம்புட்டு நேரம்ணே நிக்கும்?" என்று ஒருவன் கேட்டான்.

"அது வந்து..." என்று ஆரம்பித்தார். பேச மூச்சை விட்டதும் கை இறங்கிவிட்டது. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இடது கையால் ஓர் உருண்டையை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மூச்சை இழுத்தார். கை உருண்டையோடு எழுந்தது. விரல் மூடவில்லை. எண்ணெயில் ஊறின மாவு வழுக்கித் தரையில் விழுந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை எடுக்கும் முன்பு கூட்டாளி தட்டை மெல்ல நகர்த்திவிட்டான். வேண்டுமென்று இல்லை, தாங்க முடியாமல்தான்.

முதலாளி டீ சொன்னார். "சால்னாப் பக்கம் பாத்துக்கங்க மாஸ்டர். அதுக்கு ஒத்தக் கை போதும்ல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"பாப்போம்ணே" என்றார் இவர்.

பஸ் ஏறித் திரும்பினோம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டார். நான் அரிவாள்மனையை எடுத்து வைத்துக் கத்திரிக்காய் நறுக்கினேன். நல்ல வெயில் நேரம். தெருவில் பாத்திரக்காரன் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தபோது இடுப்பின் மேல் கிடந்த வலது கை லேசாக எழுந்து விழுந்தது. மறுபடி எழுந்தது. பயிற்சி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பயிற்சியில் அது நிதானமாக ஏறும். இது வெட்டி வெட்டி, இரண்டு மூன்று தடவை சேர்ந்தாற்போல் எழுந்து, நின்று, மறுபடி எழுந்தது. முதுகு குலுங்கவில்லை. சத்தம் இல்லை. பல்லைக் கடித்திருப்பார். இந்த ஒன்றரை வருஷத்தில் என் முன்னால் ஒரு தடவையும் அழாத மனிதர். விம்மலும் மூச்சுதானே. கைக்கு அது தெரிந்துவிட்டது.

பக்கத்தில் போகலாமா என்று நினைத்தேன். போனால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார், கை காட்டிக்கொடுத்தது தெரிந்தால் இனி அழுவதற்கும் அவருக்கு வழி இருக்காது. அந்தக் கை அசைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. அன்றைக்கு அது நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, நறுக்கிய காயைத் தண்ணீரில் போடாமல் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நிற்க வெகு நேரம் ஆனது.