டூட்டிங்கில் ஒரு நல்லி எலும்பு

லண்டனில், டூட்டிங்கில் இலங்கைச் சாப்பாட்டுக்கடை. எதிரே என் சிநேகிதி கேத்தரின், அகழாய்வாளர். கனடாவில் வெள்ளைக்காரர்கள் மிருகங்களின் ரோமத்தோல் வாங்கிய பழைய வியாபாரச் சாவடி ஒன்றின் குப்பைக்குழியை மூன்று வருடமாக ஆராய்கிறாள். உடைந்த எலும்புகளின் படங்களைக் காட்டி, "பாவம், பனிக்காலப் பட்டினி. எலும்புக்குள் இருந்ததைக்கூட விடவில்லை" என்று இன்று காலையில்தான் உருகினாள்.

மட்டன் குழம்பில் எனக்கு நல்லி எலும்பு வருகிறது. தட்டில் டொக் டொக்கென்று தட்டி உறிஞ்சுகிறேன். வரவில்லை. கடைவாயில் வைத்து நுனியை உடைக்கிறேன். நிமிர்ந்தால், கேத்தரின் சாப்பிடாமல் என் எலும்பையே பார்க்கிறாள்.

"இன்னும் பசிக்கிறதா?"

"பசியெல்லாம் இல்லை. ருசி."

அவள் நம்பவில்லை. பரிமாறும் அண்ணையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

"ஓம், அதை விட்டிட்டு எழும்ப ஏலுமோ? எங்கட வீட்டில அதுக்குச் சண்டையே நடக்கும்."

மொழிபெயர்த்துச் சொல்கிறேன். கேத்தரினின் முகம் வெளிறுகிறது. மூன்று வருட ஆராய்ச்சி. என் தட்டிலுள்ள எலும்புகளைக் கட்டித் தரச் சொல்கிறாள்.

"நாய்க்கோ?" என்கிறார் அண்ணை.

"ஆராய்ச்சிக்கு" என்கிறேன்.

அவர் மறுபேச்சில்லாமல் ஒரு கரண்டி குழம்பும் ஊற்றிக் கட்டுகிறார்.

கேத்தரின் பொட்டலத்தின் மேல் எழுதுகிறாள்: "டூட்டிங். ஆண்." என் தொப்பையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சேர்க்கிறாள்: "பட்டினிக்கு வாய்ப்பே இல்லை."