சிரிப்புச் சத்தம் வராத வியாழக்கிழமை

சொர்ணாம்பாள் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. கொல்லைக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வந்து, சும்மாட்டுத் துணியை உதறித் தரையில் போட்டு, அதன் மேல் உட்காருவாள். ஒரு தடவை, "மேல உக்காருங்கக்கா" என்றேன்.

"நாளு பூரா குனிஞ்ச இடுப்பு. ஒசரத்துல உக்காந்தா தலை சுத்தும், போ" என்றாள்.

அவளிடம் ஒரு பேச்சை இரண்டாம் தடவை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

கோட்டுச்சேரியில் எங்களுக்குப் பின்தெரு அவளுக்கு. புருஷன் கருப்பையன் காமாலையில் போனபோது மகன் சோமசேகரன் கைப்பிள்ளை. நடவு, களையெடுப்பு, அறுப்பு, கோடையில் உளுந்து பிடுங்குவது, வீட்டில் ஓர் எருமை. அவ்வளவையும் வைத்து அவனைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். கொழுந்தன் தங்கையன் வந்து, "ஏர் புடிக்கற கையில எதுக்கு அண்ணி பேனா?" என்று கேட்டிருக்கிறான். "ஏர் புடிக்க நீ ஒருத்தன் போதும்டா. நீ ஓட்டின கொல்லையே கோணக் கோணலாக் கெடக்கு" என்று அனுப்பிவிட்டாள்.

பையன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய் நின்றான். எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வேலை. காயம் பட்டவனைத் தூக்குவது, கட்டுப் போடுவது, ஊசி போடுவது. பட்டாளம் என்றதும் வாசலில் விழுந்து அழுதவள், ஊசி என்றதும் எழுந்து முகத்தைக் கழுவினாள். தெருவில் யாரைப் பார்த்தாலும், "துப்பாக்கி இல்ல, ஊசிதான்" என்பாள்.

எண்பத்தேழில் நம் பட்டாளம் இலங்கைக்குப் போனது. சேகரும் போனான். ஆடியில் போனவன் ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் ஒழுங்காகக் கடிதம் போட்டான். புரட்டாசி முடிகிற சமயம் அங்கே சண்டை மூண்டது. கடிதம் நின்றது.

எங்கள் வீட்டுக்காரர் தெட்சிணாமூர்த்தி கரண்டு ஆபீசில் லைன்மேன். கம்பம் ஏறுகிறவர் வீட்டு ஆன்டெனா என்பதால், அது தெருவிலேயே உயரமாக நின்றது. மெட்ராஸ் படம் எள்ளைக் கொட்டினாற்போலத்தான் தெரியும். ஆன்டெனாக் குழாயைக் கடல் பக்கம் திருப்பினால் இலங்கை டிவி துடைத்துவைத்த மாதிரி வரும். காரைக்கால் பக்கம் அப்போது டிவி வைத்திருந்த வீடுகளில் எல்லாம் சாயங்காலம் இதே கூத்துதான். அவர் மாடியில் நின்று, "தெரியுதா?" என்பார். நான் கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம்! ஐயோ, போச்சு, பழையபடி திருப்புங்க!" என்று கத்துவேன்.

வியாழக்கிழமை விளக்கு வைத்த பிறகு அதில் ஒரு இங்கிலீஷ் தொடர் வரும். மலையடிவாரத்தில் கூடாரம் போட்ட பட்டாளத்து ஆஸ்பத்திரி. ஹெலிகாப்டர் வந்து இறங்கும், காயம் பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், டாக்டர்கள் அறுப்பார்கள், தைப்பார்கள். மிச்ச நேரத்தில் ஒருத்தனை ஒருத்தன் கேலி பண்ணிக்கொண்டே இருப்பார்கள். கேலி முடிந்ததும் எங்கிருந்தோ ஒரு கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

தயிர் கொடுக்க வந்த சொர்ணாம்பாள் ஒரு வியாழக்கிழமை இதைப் பார்த்துவிட்டாள். செம்பைக் கீழே வைத்தாள்.

"ராஜம், இது எங்கேர்ந்து வருது?"

"இலங்கையிலேர்ந்து."

அது தப்பில்லை. இலங்கையிலிருந்துதான் வந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடிந்ததும், "சேகர் இருக்கற எடத்தக் காட்டறான். இத்தினி நாளா ஒருத்தியும் எங்கிட்ட சொல்லலியே" என்றாள்.

நான் உடனே சொன்னேன். "அக்கா, இது நாடகம்."

"நாடகம்னா பாட்டு எங்கடி? ஒரு பாட்டு பாடினானுவளா? ஒருத்தி ஆடினாளா?"

"எல்லாரும் வெள்ளைக்காரனா இருக்கானே, அதையாவது பாருங்க."

"நம்ம ஊர்லயே வெள்ளைக்காரன் இருந்தான். எனக்குச் சின்ன வயசுல கால்ல சீழ் வெச்சப்ப, வெள்ளைக்கார டாக்டருதான் காரைக்கால் ஆஸ்பத்திரில கீறி விட்டாரு. இங்க இருந்தவன் அங்க இருக்க மாட்டானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவள் போன பிறகு, "கடுதாசிதான் வரல. இதையாவது பார்த்துட்டுப் போவட்டுமே. உனக்கு என்ன?" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் நான் சொல்லியும் அவள் கேட்கவில்லையே, அப்புறம் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

அதிலிருந்து வியாழன் தவறாமல் வந்தாள். அவள் கதையைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தாள். யாராவது பின்பக்கமாக ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினால் முட்டி போட்டு நகர்ந்து கிட்டே போவாள். "இவன் நடை சேகர் நடை மாதிரி இருக்குல்ல?" என்பாள். அதற்குள் ஆள் போய்விட்டிருப்பான்.

முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டாள், "சிரிக்கறது யாரு? ஆளத் தெரியலியே?"

"எனக்கென்ன தெரியும்?"

கொஞ்சம் யோசித்து அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "கட்டுப் போட்டவனுவதான். கட்டில்ல படுத்துக்கிட்டுக் கேட்டுச் சிரிக்கறானுவ. வலி கொறைஞ்சாத்தானே சிரிப்பு வரும்? நல்லாத்தான் பாத்துக்கறானுவ."

அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் ஒரு வாரத்தை ஓட்டினாள். அது எனக்குத் தெரியும். தலைக்கு மேலே கடல் பக்கமாக விமானம் போனால் களையெடுக்கிற பெண்கள் எல்லாம் அண்ணாந்து பார்ப்பார்கள், அவள் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்த மாட்டாள். ரேடியோச் செய்தி கேட்க மாட்டாள். "வியாழக்கிழம பாத்துக்கறேன்" என்பாள்.

ஒரு நாள் அடிகுழாயில் எங்கள் தெருக் கமலாம்பாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். கமலாம்பாளுடைய அக்கா மகளை இலங்கைக் கரையில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கிருந்தும் தகவல் இல்லை. வயிற்றெரிச்சலை யார் மேலாவது கொட்டியாக வேண்டும்.

"நம்ம சனத்த அடிக்கறதுக்குத்தானே போயிருக்கான் உன் மவன்? இங்க நீ தண்ணி புடிக்கிற."

சொர்ணாம்பாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "அடிக்கப் போனவன் வேற, கட்டுப் போடப் போனவன் வேற. வியாழக்கிழம ராஜம் வூட்டுக்கு வந்து பாரு. எவன் அடிபட்டு வந்தாலும், நீ எந்தப் பக்கம்னு கேக்காமத்தான் கத்திரிக்கோல எடுக்கறானுவ. வந்து பாத்துட்டு அப்பறம் பேசு."

கமலாம்பாள் நிஜமாகவே வந்தாள். அந்த வியாழக்கிழமைதான் மழை பிடித்துக்கொண்டது.

படம் ஆடியது. எங்கள் வீட்டுக்காரர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மாடியில் குழாயைப் பிடித்து நின்றார். படம் ஆடாமல் நின்றதும் பார்த்தால், அன்றைக்குக் கேலியே இல்லை. ஹெலிகாப்டருக்கு மேல் ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. கூடாரத்துக்குள் தரையெல்லாம் ஆட்கள் கிடந்தார்கள். டாக்டர்கள் தலை நிமிரவில்லை. ஒரு சின்னப் பையன், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன், ஓரமாக நின்றபடியே கண்ணை மூடித் தூங்கினான். யாரோ கூப்பிட்டதும் திடுக்கிட்டு ஓடினான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னது மாதிரிதான் இருந்தது. நான் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

சொர்ணாம்பாள் திரும்பி என்னைப் பார்த்தாள். "சிரிப்புச் சத்தம் எங்க?"

"மழைக்கா. சத்தம் சரியா வரல."

"பேச்சு வருது. கத்திரிக்கோல் சத்தம் வருது. சிரிப்பு மட்டும் எப்படிடி வராமப் போவும்?"

 கமலாம்பாள் அன்றைக்கு என்னவெல்லாமோ பேசத்தான் வந்திருப்பாள், ஆனால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படுத்திருந்த புள்ளைங்க எல்லாம் போயிடுச்சு" என்று சொர்ணாம்பாள் எழுந்தாள். "ஒண்ணுகூட மிச்சம் இல்ல, சிரிக்கறதுக்கு."

சும்மாட்டுத் துணியைக்கூட எடுக்கவில்லை. மழையில் இறங்கி நடந்தாள். நான் குடையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் தெருமுனையில் திரும்பிவிட்டாள். எனக்கு அப்படி ஓடிப் பழக்கம் இல்லை. மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற புளியமரத்தடியில் போய்ப் பிடித்தேன்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"நாகப்பட்டணம். போட்டுக்காரன் எவனாவது அந்தக் கரைக்குப் போவான். கால்ல விழுந்தா ஏத்திக்குவான்."

"சண்டை நடக்கற எடத்துக்குப் போட்டுல போவீங்களா? மூளை இருக்கா உங்களுக்கு?"

"அவன் போவலியா?"

தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தது. ஏறிவிட்டால் இவளை இறக்க முடியாது. இனிமேல் வீட்டுக்காரர் கையைக் காட்டினாலும் நான் நிற்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவள் இரண்டு தோளையும் பிடித்தேன்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்குங்க. அது சேகர் இருக்கற எடம் இல்ல. வேற ஏதோ தேசத்துல எப்பவோ நடந்த சண்டை. வேஷம் போட்டு நடிச்சுப் படம் புடிச்சிருக்கான். அத இலங்கைக்காரன் வாங்கிப் போடறான். அந்தக் காயம் சாயம். சிரிப்பும் அவங்க சேத்துப் போட்டது. அங்க ஒருத்தனும் சாவல, ஒருத்தனும் பொழைக்கல."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்றான். அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. நிம்மதி என்று நான் மூச்சு விட்டபோது, அவள் மைல் கல்லில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எம்மவன் இருக்கற எடத்த நான் ஒரு நாள்கூடப் பாக்கலியா?"

 அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்தேன்.

விடிந்ததும் எங்கள் வீட்டுக்காரர் எங்களைக் காரைக்காலுக்குக் கூட்டிப் போனார். டெலிபோன் ஆபீசில் அப்துல் லத்தீப் அவருக்குப் பழக்கம். காயம் பட்டவர்களை விமானத்தில் மெட்ராசுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார் லத்தீப். அங்கே பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு டிரங்கால் போடலாம் என்றார்.

"கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். கிடைச்சாலும் அவங்க சொல்லணும். உக்காருங்கம்மா" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். சொர்ணாம்பாள் நாற்காலி, பெஞ்சு என்று உட்கார்ந்து அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். லத்தீப் கத்தினார், வைத்தார், மறுபடி கத்தினார். லைன் கிடைத்தது, அறுந்தது. மறுபடி கிடைத்தபோது யாரோ இங்கிலீஷில் அதட்டினார்கள். லத்தீப் எழுந்து நின்றுகொண்டு, "சோமசேகரன், நர்சிங், காரைக்கால்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"தமிழ் ஆளு ஒருத்தர கூப்பிடப் போயிருக்காங்க."

எதற்குத் தமிழ் ஆளைக் கூப்பிடுகிறார்கள்? நல்ல செய்தி என்றால் இங்கிலீஷிலேயே சொல்ல மாட்டார்களா?  சொர்ணாம்பாள் எழுந்து போய் லத்தீப் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்தாள். அவர் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்கிற மாதிரி இரைந்தது.

"யாரும்மா?"

"சேகரோட ஆத்தா பேசறேன். உள்ளதச் சொல்லு தம்பி."

"சோமசேகரா? முந்தாநேத்து இங்கதாம்மா இருந்தான். அடிபட்டவங்களப் பிளேன்ல கொண்டாந்து எங்கிட்ட ஒப்படைச்சான். அதே பிளேன்ல திரும்பிப் போயிட்டான்."

"மறுபடியும் அங்கயா?"

"அங்கதாம்மா. ஆள் பத்தல."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லத்தீப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அவள் கேட்டாள்:

"சிரிச்சானா தம்பி?"

அந்தப் பையனுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. 

"இல்லம்மா. தூங்கினான். டீ வாங்கிட்டு வரேன்னு போயிட்டுத் திரும்பிப் பாக்கறேன், செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்கறான்."

லைன் அறுந்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். அடுத்த வியாழக்கிழமை அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். கொல்லையில் கால் கழுவினாள், துணியை விரித்தாள்.

"நாடகம்னு சொல்லிட்டேனே. இன்னும் என்னத்துக்கு?" என்றேன். என் வாய் அப்படித்தான்.

"நாடகம் போட்டவன் எவனோ. நின்னுக்கிட்டே தூங்கறத பாத்திருக்கான்ல? பாக்காதவன் அத வெக்க மாட்டான்" என்றாள். "நீ அந்தச் சிரிப்பு வரப்ப மட்டும் சத்தத்தக் கொறைச்சு வை."

அன்றைக்குச் சிரிப்பு நிறைய வந்தது. நான் டிவி பக்கத்திலேயே நின்று பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வியாழக்கிழமை எனக்கு இதே வேலையாகப் போனது. மார்கழி போய், பொங்கல் போய், அறுப்பும் முடிந்தது. விமானம் போனால் இப்போது அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

மாசியில் ஒரு மத்தியானம் கமலாம்பாள் என் வாசலில் வந்து நின்றாள். "சேகர் பய வந்துட்டானாமே. அங்க எங்க சனம் இருக்கற ஊரப் பத்தி ரெண்டு வார்த்த கேக்கணும். நீயும் வாயேன், நான் தனியாப் போனா அவ வெரட்டுவா" என்றாள்.

போனோம். சொர்ணாம்பாள் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கையில் விசிறி. எருமையைத் தூரக் கொண்டுபோய்க் கட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் விசிறியை உதட்டின் மேல் வைத்துக் காட்டினாள்.

"ஒரே ஒரு வார்த்ததான் சொர்ணம்" என்று கமலாம்பாள் கெஞ்சினாள்.

"கேக்கலாம்டி. உன் சனத்தப் பத்தி நானே கேட்டுச் சொல்றேன், போதுமா? எந்திரிக்கட்டும்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "நேத்திலேர்ந்து படுத்துத் தூங்கறான்."

கமலாம்பாள் போகவில்லை. சத்தமில்லாமல் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.