முன் சீட்டுச் சூடு

போன வருஷம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கையோடு நடந்தது இது. மாடம்பாக்கத்திலிருந்து கிழக்குத் தாம்பரத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் என்னுடையது. ஓட்டுவதும் நான்தான். பழைய பெட்ரோல் வண்டி. இந்த மாதிரி வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், பார்க்க வேண்டுமென்றால் சீட்டைத் தூக்கணும். எங்கள் குடும்பம் ஓடுவதே இந்த வண்டியில் என்பதால், அதற்கு ஒன்று என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த மே மாத வெயிலில் வண்டி ஒருமுறை சூடேறி நின்றது. காரணம் தெர்மோஸ்டாட். எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் வேண்டிய அளவு சூடானதும் திறந்து, அதை ஆறுவதற்கு ரேடியேட்டருக்கு அனுப்புகிற சின்ன வால்வு அது. எங்கள் பக்கத்து போர் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம், பக்கெட்டெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். அதே தண்ணீரைத்தான் வருஷக்கணக்காக ரேடியேட்டரிலும் ஊற்றிக்கொண்டிருந்தேன். உப்பு பிடித்து வால்வு திறக்காமல் நின்றுவிட்டது.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் புதிதாக மாற்றணும் என்றார். "கம்பெனி போட்டது எம்பத்தெட்டு டிகிரிலதான் தொறக்கும்க்கா. நம்ம ஊரு வெயிலுக்கு அது பேஜாரு. எழுபத்தாறுல தொறக்கிறது ஒண்ணு கீது, அத்தப் போட்டுக்கலாம்" என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. சீக்கிரம் திறந்தால் சீக்கிரம் ஆறும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போடச் சொல்லிவிட்டேன். அதற்கு முன்பெல்லாம் சூடு காட்டும் முள் பாதியில் நிற்கும். இப்போது கீழேயே படுத்துக் கிடந்தது. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது, ஆனால் முள்ளைப் பார்த்த நிம்மதியில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள் என்பதால் எப்போதும் முன் சீட்டில் வருவாள். அவளுடைய அம்மா ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். கொஞ்ச நாளில் அவர் ஆரம்பித்துவிட்டார். "அக்கா, சீட் ரொம்ப சுடுதுன்னு சொல்றா. கொஞ்சம் பாருங்களேன்." எஞ்சின் மேலே உட்கார்ந்தால் சுடாமல் குளிருமா? முள்ளைக் காட்டினேன். மறுநாளும் அதையே சொன்னார், அதற்கடுத்த நாளும் சொன்னார். முள்ளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவர் ஒரு தடித்த டவலை மடித்து மகளுக்கு அடியில் வைத்து அனுப்பினார். எனக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டு கேட்டைப் பார்த்தாலே எரிச்சல் வர ஆரம்பித்தது.

அன்று காலை அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரே ஒரு தடவை நீங்களே கை வச்சுப் பாருங்க" என்றார். "நேரமாச்சும்மா" என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி, கேம்ப் ரோட்டுக்கு முன்னால் வண்டிகள் வழக்கம்போல அடைத்துக்கொண்டு நின்றன. முள் கீழேதான் இருந்தது. அந்த அம்மாவின் வாயை இன்றோடு அடைத்துவிட வேண்டும் என்ற வீம்பில், டவலை விலக்கி அந்தக் குழந்தையின் சீட்டின் ஓரத் தகரத்தில் கை வைத்தேன்.

வைத்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டேன். தோசைக்கல் மாதிரி இருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு முதலில் அந்தக் குழந்தையைத் தூக்கி இறக்கினேன். பிறகு மற்ற பிள்ளைகளை இறக்கி ஒரு மருந்துக்கடை வாசலில் நிறுத்தினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் முன் சீட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி பீறிட்டு, கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தால்?

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். முதலில் வந்தது அதே அம்மாதான், வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு. நடுரோட்டில் கிழிக்கப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க கை என்னாச்சுக்கா?" என்றார். மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தந்துவிட்டு, ஆட்டோ பிடித்து எல்லாப் பிள்ளைகளையும் அவரே பள்ளியில் கொண்டுபோய் விட்டார். நான் ரோட்டிலேயே அழுதுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் சிலர் வேறு வேன் பார்த்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மெக்கானிக் வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. ரப்பர் குழாய் ஒன்றில் விரிசல் விட்டு, நாளாக ஆகத் தண்ணீர் கசிந்து போயிருக்கிறது. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் வெறுமனே நின்றதால், எஞ்சின் கொதித்தும் முள் ஏறவில்லை. பழைய எண்பத்தெட்டே இருந்திருந்தால் முள் பாதியில் நின்று பழகியிருக்கும். அது சட்டென்று கீழே விழுந்த அன்றே நான் பதறியிருப்பேன். எப்போதும் கீழே கிடக்கிற முள்ளில் எனக்கு என்ன வித்தியாசம் தெரியும்? "சூடு கொறையட்டும்னுதான்க்கா சொன்னேன்" என்றார் மெக்கானிக். தலையாட்டியவள் நான்தானே, அவரை என்ன சொல்ல? குழாயை மாற்றி, போர் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றி, கம்பெனி சொன்ன எண்பத்தெட்டையே திரும்பப் போட்டோம். முள் பாதியில் வந்து நின்றது.

ஆனால் இனி என் வண்டியில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா வந்தார். முன் கதவைத் திறந்து, மகளுடைய இடத்தில் உட்கார்ந்தார். "கேம்ப் ரோடு வரைக்கும் போய்ட்டு வரலாம்க்கா" என்றார். உச்சி வெயிலில், அந்த நெரிசலில், போய்த் திரும்பினோம். இறங்கும்போது சீட்டின் தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அன்று மாலை குழுவில் அவரே எழுதினார்: "நானே உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். சுடவில்லை. நாளை என் மகள் அக்கா வண்டியில்தான் வருவாள்."

இப்போதெல்லாம் முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சீட்டில்தான் கை வைக்கிறேன். வைக்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: அன்று என்னை விட்டுப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை, தினமும் குறை சொன்னவர்தான் கடைசிவரை கூட நின்றார்.