மச்சானுக்கு வயது இறங்கிய கதை

என் அக்காள் புருஷனுக்கு எப்போதும் இரண்டு வயது. உடம்பின் வயது ஒன்று, அடையாள அட்டையான ஐசியில் இருக்கிற வயது ஒன்று. அவர் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பு அவருடைய அம்மாவுக்கு ஒரு பையன் பிறந்து, காய்ச்சலில் செத்துப்போனான். செத்ததை யாரும் பதியவில்லை. பிறகு இவர் பிறந்ததையும் பதியவில்லை. டவுனுக்குப் போய் வந்தால் ஒரு நாள் வேலை போய்விடும். செத்தவனுடைய பிறப்புப் பத்திரம் பெட்டியில் சும்மா கிடந்தது. அதையே இவருக்கு வைத்துக்கொண்டார்கள். பெயரும் அவனுடையதுதான்.

நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் இதை யாரும் மறைக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் வயது இருந்ததால், அவருக்குப் பள்ளிக்கூடத்தில் ‘கெழவன்’ என்று பெயர். பால்பல் விழாத கிழவன். அக்காளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நான் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதுவரை எனக்கும் அவர் கெழவன்தான்.

தோட்டம் கைமாறி, பால்மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது எல்லோரும் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தோம். மச்சான் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். ஓய்வு வயது வந்துவிட்டது என்று அவரை அனுப்பியபோது, அவருடைய உடம்புக்கு இன்னும் நான்கு வருடம் பாக்கி இருந்தது. ஆபீசில் போய்ச் சொன்னார். சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு கடைத்தொகுதியில் ஜாகா என்கிற காவல் வேலை. ஒரு நாற்காலி, ஒரு டார்ச்லைட், வருகிற காருக்கெல்லாம் ஒரு சலாம்.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். எந்த வேலையிலும் கால் தரிக்காது. லாரி, மீன் படகு, சிங்கப்பூரில் கட்டட வேலை என்று போய்க்கொண்டே இருப்பேன். வேலை இல்லாதபோது, ஈப்போ ஓரத்தில் குனோங் ராபாட்டில் இருந்த அக்காள் வீட்டு முன்கூடத்தில் பாயை விரிப்பேன். அந்த முறை தெலுக் இந்தானிலிருந்து வந்திருந்தேன். செம்பனைக் குலை விழுந்து தோள் இறங்கிப் போயிருந்தது.

அக்காளுக்கு இனிப்புநீர் வியாதி. பல வருடங்களாகக் காலையிலும் இரவிலும் மாத்திரை. அவள் மச்சானைவிட, உண்மையான வயதிலேயே, இரண்டு வயது இளையவள். பார்த்தால் அப்படித் தெரியாது. பல் பாதி இல்லை, தலை முழுக்க வெள்ளை. மச்சானுக்கோ ஒல்லியான உடம்பு, வாரம் தவறாமல் மை பூசிய தலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் எங்களை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஈப்போ டவுனில் ஒரு கடைவீட்டின் மாடி. வாசலிலேயே ஆளுக்கொரு கோப்பையில் ஊதா நிறத் தண்ணீரைக் கொடுத்தார்கள். ஏதோ பாக்கெட்டைக் கலக்கியது. புளித்த ரிபேனா மாதிரி இருந்தது. சீனிக்குப் பயந்து அக்காள் குடிக்கவில்லை. உள்ளே கோட்டுப் போட்ட ஒரு தமிழர் பேசினார். எல்லோரும் அவரை டாக்டர் என்றார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திரையில் இரண்டு எலிகளைக் காட்டினார். ஒன்று முடி கொட்டிக் கூனிக் கிடந்தது. மற்றது பளபளவென்று ஓடியது. “ரெண்டும் ஒரே வயசு. இது கெழடு, இது கெழட்ட கொமரியாக்கினது. மூப்பு ஒரு வியாதிங்க. வியாதின்னா மருந்து உண்டு. மனுசன் நூத்தம்பது வயசு வரைக்கும் இருக்கலாம்.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: “அது வரைக்கும் எவன் தம்பி வேல குடுப்பான்? இப்பவே வாணாங்குறானுங்க லா.”

கூட்டம் சிரித்தது. கோட்டுக்காரரும் சிரித்துவிட்டு, எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் போனார். “நீங்கள்லாம் தோட்டத்து ஆளுங்க. கெழட்டு பால்மரத்துக்குப் பட்டையில மருந்து பூசுனா என்னா ஆவும்? எளமரம் மாதிரி பால் கொட்டும்ல? அதேதான் இது!”

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் பால் எடுக்க மரம் வெட்டியவர்கள். மருந்து பூசினால் அந்த மரத்தை அடுத்துச் சாய்க்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சாய்ப்பதற்கு முன்னால் இருக்கிற பாலையெல்லாம் உறிஞ்சிவிடுவதற்குத்தான் பூசுவது. நான் ஒருவன்தான் சத்தமாகச் சிரித்தேன். அக்காள் தொடையில் கிள்ளினாள்.

அவர் சொன்ன எலிக்கதை முழுப் பொய் இல்லை. பிறகு கைப்பேசியில் தேடிப் படித்தேன். ஆராய்ச்சிக்கூடங்களில் எலியின் கிழட்டு உயிரணுக்களைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். அளவோடு திருப்பினால் இளமை, கூடிப்போனால் கட்டி. மனிதனை எந்த இடத்தில் நிறுத்துவது என்று இன்னும் தெரியாது. ஒரு நாள் தெரிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். தெரிகிற அன்று அது முதலில் பணக்காரன் வீட்டுக்குப் போகும். முதலாளி சாகமாட்டார், அவர் நாற்காலியும் காலியாகாது, வாசலில் சலாம் வைக்கிற ஜாகாவும் ஓய்ந்து உட்கார முடியாது. அதுவரைக்கும் எங்களுக்குப் பாக்கெட்.

பேச்சு முடிந்ததும் உடம்பு வயதைச் சொல்லும் மெஷினைக் கொண்டுவந்தார்கள். தராசு மாதிரிதான். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் இரண்டு இரும்புத் தகட்டில் வைத்து, கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது மச்சான் முன்னால் போனார். ஐசியை வாங்கி வயதை அழுத்தினார்கள். மெஷின் கூவியது. ஐசி வயதைவிட ஐந்து வயது குறைவாகக் காட்டியது.

“ஒரே ஒரு கோப்பைக்கே அஞ்சு வயசு!” என்றார் கோட்டுக்காரர். கூட்டம் எழுந்து நின்றது. ஒல்லி உடம்புக்கு மெஷின் ஒரு வயதைக் குறைத்திருக்கும். மற்ற நான்கும் இவரிடமிருந்து இறங்கவில்லை. காய்ச்சலில் செத்த அந்தப் பிள்ளையிடமிருந்து இறங்கியவை.

“அண்ணே, அண்ணிய கூப்புடுங்க,” என்றார் கோட்டுக்காரர். அக்காள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேடையில் ஏறி மச்சான் பக்கத்தில் நின்றாள். “இவங்க யாருன்னு சொல்லுங்க பாப்போம்?”

“அக்கா!” என்றது ஒரு குரல்.

“அம்மா லா!” என்றது இன்னொன்று.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மச்சானும் சிரித்தார். அக்காள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பல் இல்லாததை மறைக்கத்தான்.

“இவங்க பாக்கெட் குடிக்காதவங்க. மாத்திர மட்டும் முழுங்குறவங்கன்னு அண்ணன் சொன்னாரு,” என்றார் கோட்டுக்காரர். “ஆஸ்பத்திரி மாத்திர ஒடம்ப உள்ளுக்குள்ள கெழடாக்குது. பாத்துக்குங்க.”

வீட்டுக்கு வந்ததும் அக்காள் மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி வாசல் சாக்கடையில் போட்டாள். நான் தடுத்தேன். “அக்கா, மச்சானுக்கு வயசு எறங்கல. ஐசி வயசு செத்துப்போன அவரு அண்ணனோடது. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“எல்லாருக்கும் முன்னால அம்மாங்குறானுங்கடா தம்பி. எனக்கு மாலுவா, வெக்கமா இருக்கு.”

மச்சானிடம் போனேன். “நீங்களாவது சொல்லுங்க.”

அவர் கண்ணாடியைப் பார்த்து மீசையை நறுக்கிக்கொண்டிருந்தார். “என்னாத்த சொல்ல? இந்த ஐசி எனக்கு என்னா செஞ்சிருக்கு? ஸ்கூல்ல கெழவன்னு சொல்ல வெச்சுச்சு. வேலைய விட்டுத் தொரத்துச்சு. இப்பத்தான் மொத தடவையா நல்லது பண்ணுது. மேடை ஏறச் சொல்றாங்க, கூட்டிட்டுப் போக காடி அனுப்புறேங்குறாங்க. ஒனக்கு ஏன்டா வயிறு எரியுது?”

“அக்கா மாத்திரைய நிறுத்திட்டா.”

“அவ நல்லதுக்குத்தான்.”

அதற்கு மேல் பேச்சு வளர்ந்தது. அக்காள்தான் என் பையை எடுத்து வாசலில் வைத்தாள். பாகான் செராய்ப் பக்கம் நெல் அறுப்பு தொடங்கியிருந்தது. லாரிக்கு ஆள் கேட்டார்கள். போய்விட்டேன்.

மச்சான் ஜாகா வேலையை விட்டார். மேடைக்கு மேடை போனார். போகிற இடமெல்லாம் அக்காளையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வீட்டில் அவள் ஒரு பாக்கெட் குடிக்கிற இடத்தில் இரண்டு குடித்தாள். கூட்டத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு கடித்து, சுண்டுவிரல் பக்கம் புண்ணானது. வலி தெரியவில்லை. இனிப்புநீர்க் காலுக்கு வலி தெரியாது. நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் கறுத்திருந்தது. மச்சான் சுவரைப் பார்த்து நின்றார். டாக்டர் ஒரு தமிழ்ப்பெண், சின்ன வயசு.

“முட்டிக்குக் கீழ போத்தோங் பண்ணனும் மா. வேற வழி இல்ல. மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?”

“வயச கூட்டுதுன்னாங்க டாக்டர். சாக்கடையில போட்டுட்டேன்.”

“அந்த மாத்திர வயசாவறத தள்ளிப்போடுமான்னு வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க. இனிப்புநீர் இல்லாதவங்களே கேட்டு வாங்கி முழுங்குறாங்க. நீங்க லோங்காங்குல போட்டுட்டீங்களே மா.”

அக்காள் படுத்தபடியே கேட்டாள்: “அப்ப அது வயச கொறைக்குமா?”

“அது இன்னும் தெரியாது. சீனிய கொறைக்கும், அது தெரியும். விடாம சாப்புட்டிருந்தா கால் இருந்திருக்கும்.”

மறுநாள் அக்காளின் காலை வெட்டி எடுத்தார்கள். எடுத்த காலை என்ன செய்வது என்று மச்சானைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். புதைக்கிற காகிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அக்காள் வீட்டுக்கு வந்த வாரம் கோட்டுக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். “அண்ணி ரொம்ப லேட்டா ஆரம்பிச்சாங்க, அதான்,” என்றார். மச்சான் தலையாட்டினார். அந்த வாசகத்தை மச்சான் அடுத்த கூட்டத்தில் மேடையிலேயே சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கோட்டுக்காரர் போகும்போது ஒரு மெஷினையும் வைத்துவிட்டுப் போனார். மச்சான் இப்போது ஏஜென்ட். மெஷின் சாமிப் படத்துக்குக் கீழே இருந்தது.

ஒரு மத்தியானம் அக்காள் தள்ளுநாற்காலியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தம்பி, என்னைய தூக்கி அதுல நிறுத்து.”

“எதுக்கு?”

“நிறுத்துடா.”

அவள் வயதை அழுத்திவிட்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். இறங்கிய தோள் சுள்ளென்றது. ஒற்றைப் பாதத்தை ஒரு தகட்டில் வைத்துக் கைப்பிடியைப் பிடித்தாள். மற்ற தகடு வெறுமனே மின்னியது. மெஷின் எடையைக் காட்டியது. பிறகு நெடுநேரம் யோசித்தது.

“வயசு என்னாடா காட்டுது?”

“ஒன்னும் காட்டல. கோடுதான் வருது.”

அக்காள் ஈறு தெரியச் சிரித்தாள். “ஏங்க! இங்க வாங்க. எனக்கு வயசே இல்லயாம்!”

மச்சான் குளியலறையிலிருந்து மை பூசிய தலையோடு வந்தார். காதோரம் கறுப்பு வழிந்துகொண்டிருந்தது. குனிந்து மெஷினைத் தடவிப் பார்த்தார்.

“எறங்கு லா. ஒத்தக்கால வெச்சா கெட்டுரும். நாளைக்கு தெலுக் இந்தானுக்கு இத எடுத்துட்டுப் போவணும்.”

அக்காள் இறங்கவில்லை.

“இன்னொரு தடவ அமுக்கு தம்பி,” என்றாள்.